நடைக்கு எத்தனை படம்

…காலை மறைச்சுட்டான் பாரு, மறைச்சே தொலைச்சுட்டான், இடுப்பு வரைக்கும் புல்லை வரைஞ்சு விட்டுட்டு அதுக்கு மேல ஆளை நகத்திக்கிட்டே போறான், கேட்டா அரசாங்கப் படமாம், விவசாயி வயலுக்கு நடந்து போறானாம், எங்கய்யா நடக்கறான், வழுக்கிக்கிட்டுல்ல போறான்… போன மாதம் பார்த்த அந்தத் துண்டுப் படத்தை நினைத்து மாயவனுக்கு இன்னும் வயிறு எரிந்தது. அதுவும் எங்கே வைத்து, அரியலூர் பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், பக்கத்தில் மகள் கொளஞ்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது. எரிவதற்கு அவனுக்கு வேறு விஷயமே இல்லையா என்ன, இருந்தது, அது இருந்ததால்தான் இதை நினைத்து எரிந்துகொண்டிருந்தான். வரையறவனுக்குச் சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல, கை ஆடும், வாய் ஆடும், முட்டைக்கண்ணு உருளும், கால்னு வந்துட்டா மட்டும் எங்கேருந்தோ புதர் ஒண்ணு முளைச்சுடும், குட்டிச்சுவர் ஒண்ணு குறுக்கே வந்துடும், பொம்பளைன்னா தரையைக் கூட்டுற சேலை… ஏன்னா நடைதான் கஷ்டம், நடையிலதான் குட்டு வெளிப்பட்டுப் போகும். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? பெரம்பலூரில் அவன் எழுத்துக் கோக்கும் பிரஸ்ஸில் சொன்னால் முதலாளி வேணுகோபால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "ஏம்ப்பா மாயவா, சின்னப் புள்ளைங்க பாக்குற பொம்மைப் படத்துக்கு இம்புட்டு ஆராய்ச்சியா" என்பார். ஊரில் அவனுக்குப் பேரே பொம்மைப்பட மாயவன். ஊரே பெரிய படத்துக்குப் போகும், இவன் அதற்கு முன்னால் போடுகிற அஞ்சு நிமிஷப் பொம்மைப் படத்துக்குப் போவான், அது முடிந்து கதாநாயகன் பேர் போட்டு விசில் பறக்கிற நேரத்துக்கு எழுந்து வெளியே வந்து பீடி பற்ற வைப்பான். பைத்தியம் என்று சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

இன்றைக்கு அப்படி இல்லை, இன்றைக்குப் பெரிய படமே பொம்மைப் படம்தான். வெளிநாட்டுக்காரன் எடுத்தது, ஒன்றரை மணி நேரம் முழுக்க வரைந்த படமாம், வரைந்த காடு, வரைந்த மழை, வரைந்த ஜனம். அந்த நோட்டீஸுக்கு எழுத்துக் கோத்ததே மாயவன்தான். அரியலூர் தியேட்டர்க்காரர் நோட்டீஸ் அடிக்கப் பெரம்பலூருக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்டால், அவரும் வேணுகோபாலும் சம்பந்திகள், அவ்வளவுதான் விஷயம். அதனால் வரப்போகிற படமெல்லாம் அரியலூர்க்காரனுக்கு முந்தி இவனுக்குத் தெரிந்துவிடும், அடுத்த மாதம் பாம்புப் படம் ஒன்று, அதற்கடுத்து அண்ணன் தம்பி பிரிந்து சேர்கிற படம் ஒன்று, யாருக்கு வேணும், ஆனால் 'முழுநீளக் கார்ட்டூன் வண்ணச் சித்திரம்' என்று கோக்கும்போது ழு என்கிற எழுத்து தவறித் தரையில் விழுந்து அதைத் தேடி மேஜைக்கு அடியில் தவழ்ந்தான். நம்ம ஊர்லயும் இப்படி முழுநீளமா வரையப் போறாங்களாமே, பம்பாயில ஒரு கூட்டம் உக்காந்து வரையுதாம், தியேட்டர் ஆபரேட்டர் சொன்னான்… வரையட்டும், நல்லா வரையட்டும், ஆனா இடுப்புல குடத்தை வச்சுக்கிட்டு ஒருத்தி நடந்து வரணுமே, அதை வரைவானா? குடம் இருக்கிற பக்கம் இடுப்பு வெளியே தள்ளும், எதிர்க்கை தானா நீளும், தண்ணி தளும்பினா ஒரு எட்டு தயங்கும், வெறுங்காலுக்குச் சூடு பட்டா பாதம் ஓரமா சாயும், இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வரையணும், பார்க்காம வரைஞ்சா என்ன ஆகும்? பார்க்காம வரைஞ்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா மாயவா? தெரியும். தெரிந்ததால் அவன் கையில் இருந்த பையை மடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டான், பைக்குள் தேதிக் காலண்டர் கட்டு ஒன்று இருந்தது.

அந்தக் கட்டைப் பற்றித்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பிரஸ்ஸில் வருஷா வருஷம் மளிகைக்கடை, ஜவுளிக்கடைகளுக்கெல்லாம் தினமும் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் கட்டுகள் அடிப்பார்கள், மை இழுவிப் போனது, தேதி மாறிப் போனது என்று கழித்துப் போடுவதில் ஒரு கட்டை மாயவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். தேதிக்குப் பின்பக்கம் வெள்ளைத் தாள், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் பர்ர்ர்ரென்று விட்டால் அதைவிட நல்ல சினிமா எது? ஆபரேட்டர் ஒருமுறை அறுந்துபோன பிலிம் துண்டு ஒன்றைக் கொடுத்தான், வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் அதே ஆள், அதே ஆள்தான், ஆனால் எள்ளளவு மாறியிருக்கிறான், ஒரு நொடிக்கு இருபத்துநாலு கட்டம் ஓடுதாம், அடேயப்பா. அதிலிருந்து பிடித்த பைத்தியம். மாயவன் அந்தக் கட்டில் ஒரு பெண்பிள்ளையை நடக்க வைத்தான், ரெட்டைச் சடை, ரிப்பன், பொங்கலுக்கு எடுத்த புஸ்கை கவுன், வலது கன்னத்தில் மச்சம், ஒவ்வொரு தாளிலும் அந்த மச்சத்தை மறக்காமல் வைத்தான். கொளஞ்சிதான். இரண்டு காலும் நேராக, வீசி வீசி நடக்கிற கொளஞ்சி. மூணு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போகாமல் இருந்திருந்தால் எப்படி நடந்திருப்பாளோ அப்படி. டவுன் ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் செருப்பு இரண்டு வருஷத்தில் சின்னதாகிப் போய் வீட்டில் ஆணியில் தொங்குகிறது, அவள் இடது கையை முட்டிக்கு மேலே ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள், இப்போது ஒன்பது வயது. அந்தக் கட்டைப் பாய்க்கு அடியிலிருந்து எடுத்துவிட்டாள். "அப்பா, இது நானா?" என்றாள். "ஆமா ஆத்தா" என்று ஆசையாகத்தான் சொன்னான். மறுபடி ஓட்டிப் பார்த்தாள், மெதுவாக ஒரு தரம், பின்னாலிருந்து முன்னால் ஒரு தரம், அப்புறம் சொன்னாள், "மூஞ்சி என்னுது. நடை பிரஸ்காரங்க வூட்டு அக்காவுது. தூக்குவாளிய வரையாம வுட்டுட்ட, ஆனா கை இன்னும் வாளிய தூக்குற மாதிரியே கெடக்கு பாரு." பார்த்தான். கிடந்தது. வேணுகோபாலின் மகள் தினமும் மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வருவாள், அவள் வருவதையும் போவதையும் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்திருந்தான். ஆயுத பூஜைக்குப் பிரஸ்ஸுக்கு வந்தபோது ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள் இந்தப் பிள்ளை, அந்த நடையை அப்படியே கண்டுபிடித்துவிட்டாள். அழவில்லை, கோபப்படவில்லை, கட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் அவள் அம்மாவிடம் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால் தேவலையே… ரெண்டு போட்டு சண்டை பிடிச்சிருந்தாலும் தேவலையே…

அதுக்குத்தான் லஞ்சமா இந்தப் படம்? மறுநாள் விடிந்ததும் ஞாயித்துக்கிழமை உன்னை அரியலூருக்குப் படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூடக் கூட்டிப் போனதில்லை, தூரம் என்பான், கூட்டம் என்பான், மூட்டைப்பூச்சி என்பான். பார்த்த பொம்மைப் படத்தையெல்லாம் வீட்டில் வந்து அவளுக்கு நடித்துக் காட்டுவான், அதில் குறை வைத்ததில்லை. ஒரு படத்தில் குண்டுத் தபால்காரன் ஒருத்தன் நாய்க்குப் பயந்து மாடியிலிருந்து ஓடுவான், மாடி முடிந்துபோனது தெரியாமல் அந்தரத்தில் அவன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பான், எப்போது கீழே பார்க்கிறானோ அப்போதுதான் விழுவான், கீழே பார்க்காத வரைக்கும் விழவே மாட்டான். மாயவன் அதைச் செய்து காட்டியபோது அவன் மனைவி வேம்புகூட அடுப்படியிலிருந்து சிரித்தாள். கொளஞ்சி மட்டும், "கீழ பாக்காம எத்தன நாளுப்பா நடப்பான்?" என்று கேட்டாள். அதென்ன கேள்வி? இன்று கிளம்பும்போது வேம்பு மகளுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள், "கூட்டிக்கிட்டுப் போறவரு ஒழுங்காக் கூட்டிக்கிட்டுப் போங்க, புள்ளைய எங்கயாச்சும் ஓரமா குந்த வச்சுட்டு நீங்க மட்டும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க." சும்மா சொன்னாளா, குத்தினாளா? அவளுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து தியேட்டருக்கு ஒரு கடைத்தெரு நீளம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அந்தத் தெரு பூராவும் பிள்ளை நடக்க வேண்டும், ஊர் பார்க்கும், ஊர் பார்ப்பதை இவன் பார்க்க வேண்டும். அதை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. புல்லும் இல்லை, விவசாயியும் இல்லை.

பஸ் ஒரு கிராமத்தில் நின்றது, கோயிலுக்கு முன்னால் பந்தல், திருவிழாப் போலிருக்கிறது, ஒலிபெருக்கியில் யாரோ இன்றைக்கு ராத்திரி பொம்மலாட்டம் உண்டு என்று கரகரத்தார்கள். பொம்மலாட்டம்… நல்ல ஆட்டம்தான், குறை சொல்லக்கூடாது, கண்ணும் புருவமும் நகையும் பார்த்தால் தேர் மாதிரி இருக்கும், ஆனால் பொம்மையின் பாதத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? தரையில் படவே படாது. மேலே கயிற்றில் தொங்குவதால் பாரம் எல்லாம் மேலேயே நின்றுவிடும், ராஜா நடக்கிறார் என்பார்கள், ராஜா நெல்லு உமி மாதிரி மிதப்பார். நடைன்னா பாரம் இறங்கணும், ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு பூமியில போயி உக்காந்து எழுந்திருக்கணும்… தோல்பாவை வேறு மாதிரி, அங்கே நிழலுக்குக் கனம் உண்டு, ஆனால் கால் ரெண்டும் பக்கவாட்டில் நண்டு போல. பூலாம்பாடித் திருவிழாவில் ஒரு வருஷம் பாவைக்கூத்து, கோமாளிப் பாவைக்கு ஒரு கால் மட்டும் தளர்ந்து தொளதொளவென்று ஆடும், அது திரையில் வந்தாலே கூட்டம் கெக்கெக்கே என்று உருளும், மடியில் இருந்த கொளஞ்சியும் கை தட்டிச் சிரித்தாள். மாயவன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டான். "பாக்கணும்ப்பா, பாக்கணும்ப்பா" என்று முதுகில் குத்திக் குத்தி அழுதாள். அவளுக்கு வலிக்குமேன்னுதானே வந்தேன்? அவதான் சிரிச்சாளே. அப்ப யாருக்கு வலிச்சுது?

"ஏந் தம்பி, புள்ளைய இம்புட்டு ஓரமா நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்க, நல்லாக் கால நீட்டட்டும்" என்றது எதிர் சீட்டு அம்மா. செந்துறைக்குப் போகிறவர், மடியில் கொய்யாப்பழக் கூடை, வந்து ஏறியதிலிருந்து பஸ்ஸில் இருக்கிற எல்லோரையும் விசாரித்து முடித்து இப்போது இவர்களிடம் வந்திருந்தார். மாயவன் அப்போதுதான் கவனித்தான், அவன் தொடை கொளஞ்சியின் இடது காலை ஜன்னல் ஓரத்துக்கு அழுத்தி மறைத்துக்கொண்டிருந்தது, புதர் மாதிரி. "காலுக்கு என்னா புள்ளைக்கு?" என்று அந்தம்மா கேட்டது. "சுளுக்கும்மா" என்றான். ஏன் சொன்னான்? எங்கேயிருந்து வந்தது அந்த வார்த்தை? சொல்லி முடிப்பதற்குள், "சுளுக்கா! அட ராசாத்தி, இங்க கொண்டா, எங்க ஊர்ல எல்லாருக்கும் நாந்தான் வழிச்சு வுடறது" என்று கூடையை இறக்கிவிட்டுக் குனிந்து கொளஞ்சியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது அந்தம்மா, வேண்டாம் வேண்டாம் என்று இவன் சொன்னது பஸ் இரைச்சலில் யாருக்குக் கேட்டது. பாவாடையை முட்டிக்கு ஏற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. விளக்குமாற்றுக் கட்டை மாதிரி அந்தக் கால். கொளஞ்சிதான் சிரித்துக்கொண்டே சொன்னாள், "சுளுக்கு இல்லத்த, சின்னதுல காச்ச வந்துச்சு, அதுலேருந்து இப்பிடித்தான். ஆனா நீங்க வழிக்கிறது நல்லாருக்கு." அந்தம்மா நிமிர்ந்து மாயவனை ஒரு பார்வை பார்த்தது. மாயவன் வெளியே போகிற சிமெண்டு லாரியைப் பார்த்தான், அதற்குப் பின்னால் வந்த இன்னொரு லாரியைப் பார்த்தான், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்று மாற்றி ஒன்று நல்லவேளையாக வந்துகொண்டே இருந்தன. திட்டியிருக்கலாம் அந்தப் பொம்பளை. பெத்த புள்ளைய வச்சுக்கிட்டு இப்படிப் பொய் சொல்றியேன்னு நாலு கேள்வி கேட்டிருக்கலாம். அரியலூர் வரும் வரைக்கும் அந்தக் காலை மடியிலேயே வைத்து மெதுவாக நீவிக்கொண்டே வந்தது, இறங்கும்போது பழுத்ததாகப் பார்த்து ஒரு கொய்யாப்பழம் கொளஞ்சி கையில் கொடுத்தது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வெயிலும் புழுதியும் ஒன்றாகக் காய்ந்தன. ஆடு விற்றுவிட்டு வந்தவர்கள், கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுத்தவர்கள், சர்பத் கடை, சைக்கிள், எதிலும் ஒரு பொட்டு இடைவெளி இல்லை. மாயவன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து முதுகைக் காட்டி, "ஏறிக்க ஆத்தா" என்றான். "நான் நடக்கறேன்ப்பா. உப்புமூட்டை ஏற நான் என்ன பாப்பாவா?" ஒரு வருஷத்துக்கு முன்புகூட ஏறிக்கொண்டாளே, எப்போது பாப்பா இல்லாமல் போனாள்? எழுந்து முன்னால் நடந்தான், அவள் பின்னால் வந்தாள், எப்போதும் அப்படித்தான், இவன் முன்னால், அவள் பின்னால், அது ஏன் அப்படி என்று இதுவரை யோசித்ததில்லை. சர்ர்… டொப். சர்ர்… டொப். அந்தச் சத்தம் அவனுக்கு மனப்பாடம், தாரில் ஒரு மாதிரி, மண்ணில் ஒரு மாதிரி, வீட்டுச் சாணித் தரையில் இன்னொரு மாதிரி, ஆயிரம் பிள்ளைகள் நடந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இதுதான் கொளஞ்சி என்று சொல்லிவிடுவான், கண்ணை மூடிக்கொண்டு… கண்ணைத் திறந்துகிட்டு? அவ நடக்கையில முதுகு எப்படிச் சாயும், சடை எந்தப் பக்கம் ஆடும், சொல்லு பார்ப்போம். சொல்லத் தெரியவில்லை. எதிரில் வருகிறவர்களின் முகம் மட்டும் தெரிந்தது. முதலில் இவனைப் பார்ப்பார்கள், பிறகு பார்வை இவன் தோளைத் தாண்டிப் பின்னால் போகும், பிறகு கீழே இறங்கும், அங்கே ஒரு கணம் நிற்கும், பிறகு மேலே ஏறி இவன் முகத்துக்கே வந்து ச்சு என்று ஒரு சத்தம். ஜவுளிக்கடைக்காரன், சோடா குடிக்கிற போலீஸ்காரர், கூடைக்காரி, அத்தனை பேர் முகத்திலும் அவன் மகள் நடந்து வந்துகொண்டிருந்தாள், அவன் ஒருத்தனைத் தவிர ஊரே பார்த்துவிட்டது. என்னடா பாக்கறீங்க என்று எவன் சட்டையையாவது பிடிக்கலாம் போலிருந்தது. பிடித்து? கீழே பார்க்காமல் நடந்தான்.

கடைத்தெரு பாதியில் சத்தம் நின்றது. இவனும் நின்றான், திரும்பவில்லை. "என்ன ஆத்தா?" "மூச்சு வாங்குதுப்பா, ஒரு நிமிசம்." திரும்பாமலே நின்றான், எதிர்க் கடையில் தொங்கும் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஒரு தகப்பன் செய்கிற காரியமா இது என்று வாழைத்தார் கேட்டது மாதிரி இருந்தது. தியேட்டர் ஒலிபெருக்கியில் பாட்டு நின்றுபோனது கேட்டது. பாட்டு நின்றால் மணி அடிப்பான், மணி அடித்தால் விளக்கை அணைப்பான், ஐயோ ஆரம்பம் போயிடுமே, முதல் முதலா பேரு எப்படிப் போடுறான், அந்தக் காடு எப்படித் திறக்குது, அந்த முதல் அஞ்சு நிமிஷத்துக்காகத்தானே… சர்ர்… டொப் என்று மறுபடி கேட்டதும் இவன் கால் தானாக வேகம் பிடித்தது, பிறகு வெட்கப்பட்டு மெதுவானது, பிறகு மறுபடி வேகம் பிடித்தது. தியேட்டர் காம்பவுண்டுக்குள் நுழைந்து டிக்கெட் எடுத்துத் திரும்புகையில் மணி அடித்தே விட்டது. அந்தக் கோடியில் கதவு, கதவில் கறுப்புத் திரை, திரையைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கிற ஆண்டவர். பேர்தான் ஆண்டவர், வாயைத் திறந்தால் வசவுதான். "யோவ் பொம்மைப்படம், ஒன் படம்தான்யா போட்டாச்சு, ஓடியா, ஓடியா!" கதவுக்கும் இவர்களுக்கும் நடுவில் வெறும் முற்றம், ஒரு குஞ்சு இல்லை, எல்லோரும் உள்ளே போயாகிவிட்டது, வெயில் மட்டும் இருந்தது. மாயவன் அவசரத்தில், "நீ போ ஆத்தா, முன்னாடி போ" என்றான்.

கொளஞ்சி அசையவில்லை. "நீ போப்பா. நான் பின்னாடியே வரேன்." ஏன் என்று கேட்டான். ஏன் கேட்டான், கேட்காமல் போயிருக்கலாம். "நான் நடந்தா நீ வேற எங்கயாச்சும் பாப்ப. வூட்டுலன்னா காலண்டரப் பாப்ப, ரோட்டுலன்னா மரத்தப் பாப்ப. நான் பின்னாடி வந்தா ஒனக்குத் தொந்தரவு இல்லல்ல." குறையாகச் சொல்லவில்லை, குழம்புக்கு உப்பு போதும் என்கிற மாதிரி சொன்னாள். அப்ப இத்தன வருசமும் புள்ள எனக்காகவா பின்னால வந்துச்சு? சின்னதுல முன்னாலதானே ஓடுவா, அப்பா பாரு அப்பா பாருன்னு கத்திக்கிட்டு, அது எப்ப நின்னுச்சு, எந்தப் பொங்கலுக்கு, எந்தத் தீபாவளிக்கு, எந்தக் காலண்டர்ல எந்தத் தேதியில நின்னுச்சு… நினைவுக்கு வரவில்லை, எவ்வளவு புரட்டினாலும் வரவில்லை. உள்ளே தாளம் ஒன்று ஆரம்பித்தது, பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள், அந்தக் காடு திறந்திருக்கும். ஆண்டவர் என்னமோ திட்டினார். "இல்ல" என்றான் மாயவன், "நீ முன்னாடி போ. நான் பாக்கறேன்." அவள் அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள், நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கிற மாதிரி, பிறகு கொய்யாப்பழத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, இடது கையை முட்டிக்கு மேலே ஊன்றினாள்.

பார்த்தான். முதலில் கை அழுந்தியது, அப்புறம்தான் கால். இடது தோள் இறங்கியது, தலை அதோடு போகாமல் நேராகவே நின்றது, அட, தலையை அசைக்காமல் நடக்கிறாளே, தண்ணிக் குடம் வைத்தால்கூடத் தளும்பாது போலிருக்கிறதே. வலது கால் ஒரு வீச்சில் எட்டி முன்னால் போய் உட்கார்ந்தது, சடை ரெண்டும் ஒன்றாக இடது பக்கம் போய் மெதுவாகத் திரும்பி வந்தன, ரிப்பன் ஒன்று அவிழ்ந்து கிடந்தது, வலது கை காற்றைப் பிடிப்பது மாதிரி விரிந்து விரிந்து மூடியது, அது எதற்கு, ஓ, சாயாமல் இருக்க. சர்ர் என்கிற சத்தம் இடது காலில் இல்லை, வலது குதிகாலில், இத்தனை வருஷம் தப்பாக நினைத்திருக்கிறான். ஒவ்வொரு எட்டுக்கும் பாரம் முழுசாகத் தரையில் இறங்கியது, முழுசாக, கயிறு கட்டின ராஜாவுக்கும் புல்லுக்குள் வழுக்கின விவசாயிக்கும் எந்தக் காலத்திலும் இறங்காத பாரம், எந்தப் படத்தில் இதைப் பார்த்தான், எந்த ஊர்க்காரன் இதை வரைந்தான்? ஒருத்தனும் இல்லை. அய்யோ சாமி, என் புள்ள நடக்குதே. கண் நிறைந்து வெயில் கலங்கியது, அப்போதுதான் தெரிந்தது, அவன் வலது கட்டைவிரல் விரல் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, கை அழுந்தறதுக்கு ஒண்ணு, தோள் இறங்கறதுக்கு ஒண்ணு, வலது கால் எட்டிப் போயி நிக்கறதுக்கு ஒண்ணு, சடை திரும்பறதுக்கு ரெண்டு… எண்ணிக்கொண்டிருந்தான். எத்தனை தாள் வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தான். எப்போது ஆரம்பித்தான்? அழுகிறபோதேவா? அப்ப நான் பாத்தது யாரை?

கதவருகில் போய் அவள் திரும்பினாள். மூச்சு இரைத்தது, மச்சத்துக்குப் பக்கத்தில் வியர்வை ஓடியது. ஆண்டவர், என்ன கண்டாரோ, திரையை ஒருபுறமாகத் தூக்கிப் பிடித்தார். "பாத்தியா?" என்று அங்கிருந்தே கேட்டாள். "பாத்தேன் ஆத்தா." "எத்தன படம் வரைஞ்சா வரும்?" மாயவன் சட்டென்று விரல்களை மடக்கினான். "எண்ணலியே" என்றான். பஸ்ஸில் சுளுக்கு என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. அவள் மடங்கிய கையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கோபமே இல்லை அந்த முகத்தில், சிரிப்புகூடக் கொஞ்சம் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. "சரியா எண்ணலன்னா சொல்லுப்பா, இன்னொரு தடவ நடக்கறேன்." உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது, அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். வேண்டாம், உள்ளே போகலாம் வா என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் தலை சரியென்று ஆடிவிட்டிருந்தது, அவள் அவனை நோக்கி நடக்க இடது கையை முட்டிக்கு மேலே ஊன்றியும் விட்டாள்.